லாக்கப்பில் இல்லையாம், வராண்டாவில்தானாம்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவதற்காகத் தங்கள் அலுவலகம் வெளியிட்ட ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை நாளிதழில் படித்தேன். நல்ல அறிவிப்பு. பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், துன்புறுத்தாமல் பிடிக்க வேண்டும், தனி வண்டி வேண்டும், கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். மிரண்டுபோன ஒரு உயிரைப் பிடித்து வண்டியில் ஏற்றுவது தனி வேலை, அதைப் பழகியவர்தான் செய்ய வேண்டும் என்பது மாநகராட்சிக்குத் தெரிந்தே இருக்கிறது.

மனிதரையும் நாயையும் ஒப்பிடுவதா என்று தாங்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒப்பிட்டால் என் தம்பிக்குத்தான் நஷ்டம்.

அவனுக்கு மனச்சிதைவு நோய். கல்லூரி முடித்த வருடம் வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஆண்டுக்கணக்காக நன்றாகவே இருந்தான். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான், ரேஷன் வாங்கி வந்தான், என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். உடம்பு பெருக்கிறது, எந்நேரமும் தூக்கம் வருகிறது என்று ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிட்டான். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு இரவு, சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று தேங்காய் வெட்டும் அரிவாளால் சுவரைக் கொத்தத் தொடங்கினான். யார் மேலும் கை வைக்கவில்லை. அவனுக்குச் சுவரோடுதான் சண்டை.

மனநல உதவி எண் 14416ஐ அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகப் பேசினார். எந்தக் குரலில் கூப்பிட வேண்டும், எதைச் சொல்லி வாதாடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரால் எங்கள் வீட்டுக்கு வர முடியாது. 108ஐ அழைத்தேன். "கையில அருவா இருக்குதாம்மா? அப்ப போலீஸ் வந்தாத்தான் வண்டியில ஏத்துவோம்." 100ஐ அழைத்தேன். "மனநோயாளின்னா ஆம்புலன்ஸுக்குல்ல சொல்லணும்?" மறுபடி 108. மறுபடி 100. இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஐயா, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பிறகு நடந்ததெல்லாம் அதன் விளைவு.

கடைசியில் போலீஸ் வந்தது. ஒரு எஸ்.ஐ., இரண்டு காவலர்கள். "கஞ்சாவா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, நோய் என்று மருந்துச் சீட்டை நீட்டினேன், வாங்கவில்லை. கதவை உதைத்தார்கள். சுவருக்குள் ஆட்கள் ஒளிந்திருப்பதாக நம்பி நடுங்கிக்கொண்டிருப்பவன் கதவை நடுராத்திரியில் பூட்ஸ் காலால் உதைத்தால் அவன் என்ன நினைப்பான்? தான் பயந்தது சரியாகப் போயிற்று என்றுதானே? அதுவரை சுவரைக் கொத்திய அரிவாளை அப்போதுதான் ஆட்களைப் பார்த்து ஓங்கினான். லத்தி முதலில் முழங்கையில் விழுந்தது, பிறகு கெண்டைக்காலில். எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றையே அறுத்துக் கையைப் பின்னால் கட்டினார்கள். பனியனும் உள்ளாடையுமாக, தெருவே வாசலில் நின்று பார்க்க, ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்குத்தானே என்று கேட்டேன். "காலையில பாத்துக்கலாம்" என்றார் எஸ்.ஐ. மனநல மருத்துவர் ஓ.பி. நேரத்தில்தான் இருப்பார் என்பது அவருக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். விடியும்வரை நிலையத்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கைவிலங்கு. முழங்கை எலும்பு முறிந்திருந்தது மறுநாள் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. வந்த காவலர்களில் ஒருவர், மீசை கூடச் சரியாக முளைக்காத பையன், டீ வாங்கிவந்து தம்பி வாயருகே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லித்தராமலே அவ்வளவு தெரிந்திருந்தது அவருக்கு. அந்த நிலையத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தங்களிடம் ஒப்பிக்கப் போவதில்லை. பரீட்சை எழுதித் தேறி வந்தவர் தாங்கள். குறைதீர்க்கும் நாளில் தங்கள் கையிலேயே நான் கொடுத்த மனுவுக்கு என்ன பதில் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டீர்கள். தக்க நடவடிக்கைக்காக அது காவல்துறைக்குப் போனது; அங்கிருந்து இறங்கி இறங்கி அதே நிலையத்துக்கு வந்தது. அதே எஸ்.ஐ. போன் செய்து, "மனு போட்டீங்களாமே, வந்து ஒரு கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டுப் போங்க" என்றார். நான் போகவில்லை. பதில் வீடு தேடி வந்தது. மனுதாரரின் தம்பி லாக்கப்பில் வைக்கப்படவில்லை. அவரது பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு நிலைய வராண்டாவில் அமர வைக்கப்பட்டிருந்தார்.

எவ்வளவு சுத்தமான பதில்! லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, வைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அதன் பிறகு இந்த நாடு சங்கிலியைத் தடை செய்தது. ஜன்னல் கம்பியும் கைவிலங்கும் சங்கிலிக் கணக்கில் வராது போலிருக்கிறது.

அடுத்த மனுவில் நான் போலீஸைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் போக, மனநலச் செவிலியர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் கொண்ட குழுவை ஏதாவது தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு மாநகராட்சி அமர்த்தலாமே என்று கேட்டிருந்தேன். போலீஸ் வரட்டும், வாசலில் நிற்கட்டும். கதவைத் தட்டுவது மட்டும் தட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். அதற்கு உங்கள் பதில் ஒற்றை வரி: இது மாநகராட்சியின் பணி வரம்புக்குள் வராது.

வராதா? வீடற்றோர் தங்குமிடங்களைத் தொண்டு நிறுவனங்களிடம் கொடுத்து நடத்தவில்லையா? குப்பைக்கு ஒப்பந்தம், தெருவிளக்குக்கு ஒப்பந்தம், நாய்க்கு ஒப்பந்தம். என் தம்பி அன்றிரவு செத்திருந்தால் அடுத்த நிமிடமே உங்கள் பணி வரம்புக்குள் வந்திருப்பான். இறப்புச் சான்றிதழ் கொடுப்பது நீங்கள்தானே.

நான் கேட்பது ஊரில் இல்லாத அதிசயமும் அல்ல. சென்னையில் மாநகரக் காவல்துறையே 2021இல் 'காவல் கரங்கள்' என்று தொடங்கி, தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து தெருவில் திரிபவர்களை மீட்டுக் காப்பகங்களில் சேர்க்கிறது. 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு அதே நகரில் தெருவில் விடப்பட்ட மனநலம் குன்றிய பெண்களை எப்படி அணுகி அழைத்து வருவது என்று பழகி வைத்திருக்கிறது. தெருவில் கிடப்பவர்களுக்காவது இப்படி யாரோ இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டு, ரேஷன் கார்டில் பெயரும் வைத்துக்கொண்டு, புத்தி பேதலித்தவனுக்குத்தான் நாதியில்லை.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து யூஜீன் நகரம் 1989 முதல் நான் கேட்பதையே செய்தது. ஒரு இலவச மருத்துவமனையோடு ஒப்பந்தம். மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரும் நெருக்கடிப் பணியாளர் ஒருவரும் வேனில் போவார்கள். கையில் துப்பாக்கி கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்த வேன் 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது, பணமில்லாமல். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் அலுவலகம் கண்டுபிடித்து அதையே பதிலாக அனுப்பும். எனக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: சேவைதானே என்று அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் போட்டு, பில்லையும் இழுத்தடித்தால் எந்த ஊரிலும் வண்டி ஓடாது. ரோடு காண்ட்ராக்டருக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஆணையரே. பூங்காவில் செயற்கை நீரூற்று வந்திருக்கிறது, பார்த்தேன். வண்ண விளக்கெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்தால் எஸ்.பி.க்கு ஒரு போன், டீனுக்கு ஒரு போன். அரை மணியில் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பார். நிற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே டாக்டருக்கு எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

பட்ஜெட் கூட்டத்தில் இதற்கென்று ஒரு வரி சேர்ப்பீர்களா, தீர்மானம் கொண்டுவருவீர்களா, கலெக்டரிடம் பேசுவீர்களா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. எப்படிச் செய்தாலும் சரி. எனக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது வேறு. தம்பி இந்த வாரம் மறுபடி மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துத் துப்பத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு ராத்திரியில் ஏதாவது ஆனால் நான் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? எண்ணை மட்டும் சொல்லுங்கள். அதே நிலையம் வழியாக வேண்டாம், நேராக என் வீட்டுக்கு.

இப்படிக்கு,
சொத்துவரி பாக்கி இல்லாத ஓர் அக்கா