சத்தம் யாருடையது?

கீழ்வீட்டார் போன் செய்கிறார்: "மேலே ராத்திரி பத்து மணிக்கு மேல கிரைண்டர் ஓடுதுங்க, தூங்க முடியல." உரிமையாளர்களான நம்மில் பலர் உடனே மாடி வீட்டாரைக் கூப்பிட்டு, யார் சொன்னார் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கண்டித்துவிடுகிறோம். எட்டு மணிக்கே அரைத்து முடித்ததாக அவர் சாதிக்கிறார். அன்றிலிருந்து இரண்டு வீடும் பேசிக்கொள்வதில்லை, சத்தமும் நிற்பதில்லை.

புகார் வந்தால் புகார் சொன்னவர் வீட்டில், அவர் சொன்ன நேரத்தில் போய் உட்கார்ந்து கேட்பதுதான் முதல் வேலை. டிவி, பாட்டு என்றால் காற்றில் வருகிறது. வால்யூமைக் குறைத்தால் தீர்ந்தது. கிரைண்டர், வாஷிங் மெஷின், இழுபடும் நாற்காலி ஆகியவற்றின் அதிர்வோ கான்கிரீட்டில் இறங்கித் தூண், சுவர் வழியாக எங்கெங்கோ போகும். எதிர்ப்பக்கத்து வீட்டு மெஷின்கூட நேர்மேல் வீட்டில் ஓடுவதுபோலக் கேட்கலாம். சில கட்டடங்களில் அந்த உறுமல், அடியில் ரப்பர் இல்லாமல் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய தண்ணீர் மோட்டாருடையது. அதற்கு எந்தக் குடித்தனக்காரரைக் கண்டிப்பது?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், பகலுக்கு 55 என வரம்பு வைத்திருக்கின்றன. ஒலிபெருக்கிக்கு அந்த விதி உதவும். மாடியில் நகரும் கட்டிலுக்கு அதைத் தேடிப் போவதில் பயனில்லை. புகாருக்கு ஆளான வீட்டின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வழிக்குக் கொண்டுவரலாம் என்ற பழைய எண்ணத்தை அறவே விட வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

குழந்தை ஓடுகிறது என்ற புகாரில் நான் குழந்தையின் பக்கம். பகலில் ஓடத்தான் செய்யும். அதற்காகக் காலி செய்யச் சொல்வது அநியாயம். தடித்த விரிப்பு ஒன்று போடச் சொல்லலாம்.

கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் மேட், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், மோட்டாருக்கு அதிர்வு தாங்கி: இவற்றின் செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தளமும் தூணும் நம்முடையவை. இரவில் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் எத்தனை மணிக்கு மேல் ஓடக் கூடாது என்பதை மட்டும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எல்லா வீட்டுக்கும் ஒரே நேரமாக. மாடியில் உரிமையாளரே குடியிருந்தால் அவருக்கும் அதே நேரம்தான்.