பக்கவாத நோயாளியின் மனத்தை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு நோய் பிடிக்கிறது. பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இது. அப்படியிருந்தும், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருக்கிறது, பிசியோதெரபி இருக்கிறது. மனத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

என் கணவருக்கு வலது கைகால் விழுந்தது. வீடு திரும்பிய சில வாரங்களில் சாப்பாட்டைத் தள்ளினார். பயிற்சி தர வருபவரைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் இதைச் சொன்னேன். "இவ்வளவு பெரிய கஷ்டம் வந்தா மனசு ஒடியத்தான் செய்யும், நீங்கதாம்மா தைரியம் சொல்லணும்" என்றார்கள். குறிப்பேட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்கள். உறவினர்கள் பிடிவாதம் என்றார்கள். மனநல மருத்துவரிடம் காட்டி, மருந்தும் ஆலோசனையும் தொடங்கிய பிறகுதான் அவர் தானாக எழுந்து உட்கார முயன்றார். அதற்குள், பயிற்சியால் உடம்பு அதிகம் தேறக்கூடிய முதல் மாதங்கள் போய்விட்டன. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

இந்த மனச்சோர்வுக்குக் கவலை மட்டும் காரணமல்ல. மூளையில் ஏற்பட்ட சேதமும் மனநிலையைக் குலைக்கிறது. தைரியம் சொல்லி மட்டும் ஆற்றக்கூடியதல்ல அது.

எல்லோருக்கும் முன்கூட்டியே மனச்சோர்வு மாத்திரை கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளிடம் ஃப்ளூஆக்சடின் மாத்திரையைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு குறைந்தது, ஆனால் நடமாட்டம் கூடவில்லை, எலும்பு முறிவும் அதிகமானது. 2020இல் வெளியான சுவீடன் ஆய்விலும் இதே நிலைதான். இவ்வகை மாத்திரைகளை ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்த்தால் ரத்தக்கசிவுக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே யாருக்கு நோய் இருக்கிறது என்று கண்டறிந்து, அவருக்கு மட்டும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். கண்டறிவதற்கு முதலில் கேட்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

கேட்பதற்குப் பெரிய செலவும் இல்லை. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்ற இரண்டு கேள்விகள் உலகெங்கும் முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுகின்றன. பேச்சு போனவர்களிடம் இப்படிக் கேட்க முடியாது. அவர்களுடைய தூக்கம், சாப்பாடு, அழுகையைப் பற்றி வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். பேச முடியாதவர்கள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. இரண்டையும் இணைத்து, பக்கவாதம் வந்த ஒவ்வொருவரிடமும் வீடு தேடி வருபவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கவும், தேவைப்படுபவரை மனநல மருத்துவரிடம் அனுப்பவும் சுகாதாரத்துறை உத்தரவிட வேண்டும். அதுவரை, வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி.