ஹெவி டியூட்டி தகரம்

பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை வந்தா என்ன ஆசை வரும்? செல்லூர் வீட்டு மொட்டை மாடியில கோழி சுட்டுத் திங்கணும்னு எனக்கு வந்துச்சு. ஆன்லைன்ல ஒரு பார்பெக்யூ அடுப்பு வாங்கினேன். சீனாவுல செஞ்சது, 1,500 ரூபாய். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஹெவி டியூட்டி'ன்னு பெட்டியில கொட்டை எழுத்து.

முதல் நாளே கரி நல்லாப் பிடிச்சதும் அடித்தட்டு படகு மாதிரி வளைஞ்சது. ரெண்டாவது தடவை ஒரு கால் இளகி அடுப்பே சாய்ஞ்சு, கங்கு பூரா தரையில. அக்கா பையனுக்கு ஆறு வயசு. அந்த இடத்துலதான் உக்காந்திருந்தான், தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போன நேரம். அன்னிக்கு யாருக்கும் கோழி இறங்கலை.

மறுநாள் தெருமுனை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன். அண்ணன் தட்டிப் பாத்துட்டுச் சிரிச்சார். "தம்பி, இதுல ராடு வச்சா ஓட்டைதான் விழும். மேல இருக்க வலை ஜிஐ கம்பி, அதுல கறி வைக்காதீங்க."

"காந்தம் ஒட்டலையேண்ணே, நல்ல ஸ்டீல்தானே?"ன்னு என் இன்ஜினியரிங் அறிவைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் அசடு வழிஞ்சது. 304ங்கிற நல்ல ரகத்துல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201ங்கிற மலிவு ரகத்துல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேப்பாங்க. சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆனா ரெண்டுலயுமே காந்தம் ஒட்டாது! ஜிஐ கம்பி மேல பூசுற துத்தநாகம் 420 டிகிரியில உருகிடும். கரி நெருப்பு அதை லேசாத் தாண்டிரும்.

"சீன சாமான்னாலே இப்படித்தான்"னார் அப்பா. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. எங்க அப்பத்தா வச்சிருந்த ப்ரைமஸ் ஸ்டவ்வும் வெளிநாட்டுச் சரக்குதான். 1892ல ஸ்வீடன்ல ஆரம்பிச்சு, ஃபேக்டரியில லட்சக்கணக்குல செஞ்சு தள்ளினது. 1911ல தென்துருவத்துக்கு அமுண்ட்சென் கொண்டுபோனது, 1953ல எவரெஸ்டுக்குப் போனது எல்லாம் அந்த வகை ஸ்டவ்தான். எங்க வீட்டுல அது அழகர்கோயில் கிடா வெட்டுக்குப் போச்சு :-) தோல் வாஷர் காஞ்சா தேங்காய் எண்ணெய், நிப்பிள் அடைச்சா பின், பர்னர் போனா வேற பர்னர். ஸ்டவ் ரிப்பேர்காரர் தெருவுக்கே வருவார்.

அதுவும் சாது இல்லை. 'ஸ்டவ் வெடித்து'ன்னு எத்தனை செய்தி படிச்சிருக்கோம்! ஆனா அதைச் செஞ்சவன் பழுதாகும்னு நெனச்சு, கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சான். என் அடுப்பைச் செஞ்சவன் தூக்கிப் போடத்தான் செஞ்சிருக்கான். 'இன்னும் விலையைக் குறை'ன்னு கேட்டது இறக்குமதி வியாபாரி. அவரைக் கேக்க வச்சது, ரேட்டை மட்டும் பாத்து க்ளிக் பண்ணின நான்.

கேஸ் அடுப்புக்கு ஐஎஸ் 4246ன்னு ஒரு தர அளவு இருக்கு, வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாக்குறோம். கரி அடுப்புப் பெட்டியிலயும் தகடு எத்தனை மில்லிமீட்டர், எஃகு எந்த ரகம், உதிரி பாகம் எங்க கிடைக்கும்னு அச்சடிக்கச் சொல்லணும். அது இல்லாம 'ஹெவி டியூட்டி'ன்னு போட்டா அது வெறும் எழுத்துதான்.

இப்போ பட்டறை அண்ணன் 3 எம்எம் தகடுல, ஆங்கிள் கால் வச்சு ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கார். விலை ரெண்டு மடங்கு. தூக்கத்தான் ரெண்டு ஆள் வேணும். சாயாது.

உங்க வீட்டுல இப்படி வாங்கி ஏமாந்தது எது? பின்னூட்டத்துல கொட்டுங்க மக்களே.