கிரிபட்டியில் அடிப்படைத் துப்புரவு வசதி

கிரிபட்டியில் அடிப்படைத் துப்புரவு வசதி என்பது, மத்திய பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள சிறிய தீவு நாடான கிரிபட்டியில் மனிதக் கழிவைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கு மக்களுக்குள்ள வசதியைக் குறிக்கும். திறந்தவெளியில் மலம் கழித்தல் இன்னும் பரவலாகக் காணப்படும் பசிபிக் நாடுகளுள் இதுவும் ஒன்றாகும். இதற்கு வறுமை மட்டுமே காரணமன்று. பவளத்தீவில் கழிப்பறையின் குழியும் குடிநீர்க் கிணறும் ஒரே மெல்லிய நிலத்தடி நீரையே எட்டுகின்றன. எனவே பிற நாடுகளில் நன்மை தரும் எளிய தீர்வுகள் சில இங்கு நீரையே கெடுத்துவிடுகின்றன.

புவியியல் பின்னணி

கிரிபட்டி 33 தீவுகளைக் கொண்டது. இதன் மொத்த நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர் ஆகும். பனாபா தவிர்ந்த ஏனைய தீவுகள் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்த பவளத்தீவுகள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 120,000. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 63,000 பேர், தலைநகரப் பகுதியான தெற்குத் தராவாவில் வாழ்கின்றனர். இது 16 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒடுங்கிய நிலப்பட்டை ஆகும்.

இத்தீவுகளில் ஆறுகள் இல்லை. மழைநீர் பவள மணலூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் படலமாகத் தங்குகிறது. இது நன்னீர் வில்லை எனப்படுகிறது. பல இடங்களில் இதன் நீர்மட்டம் நிலத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலேயே உள்ளது. பவள மணல் நீரை விரைவாக உட்புக விடுவதால், மேலிருந்து இறங்கும் கழிவு போதிய அளவு வடிகட்டப்படாமலே நீரை அடைந்துவிடுகிறது.

வரலாறு

மக்கள் குறைவாக வாழ்ந்த காலத்தில் கடற்கரையில் மலம் கழிப்பது வழக்கமாக இருந்தது. கழிவைக் கடலலைகள் அகற்றின. வேலைவாய்ப்பு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றை நாடி வெளித்தீவு மக்கள் தராவாவுக்குக் குடிபெயர்ந்தபோது, இவ்வழக்கமே நோய்க்குக் காரணமாயிற்று. 1977இல் தராவாவில் வாந்திபேதி (காலரா) பரவியது. இதனைத் தொடர்ந்து, 1980களின் தொடக்கத்தில் ஆத்திரேலிய உதவியுடன் பேசோ, பைரிகி, பிக்கெனிபேவு ஆகிய மூன்று குடியிருப்புகளில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி அமைக்கப்பட்டது. நன்னீரைச் சேமிக்கும் பொருட்டு இதில் கழிவை அடித்துச் செல்லக் கடல்நீர் பயன்படுத்தப்பட்டது.

இம்முறை நன்னீரைச் சேமித்தது. ஆயினும் உப்புநீர் எக்கிகளையும் உலோகப் பகுதிகளையும் அரித்தது. பராமரிப்புச் செலவும் உயர்ந்தது. இம்மூன்று இடங்களுக்கு வெளியே வாழ்ந்தோருக்குக் குழாய் இணைப்புக் கிடைக்கவில்லை. அவர்கள் குழிக் கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி அல்லது கடற்கரையையே நம்பியிருந்தனர்.

அளவீடும் அதன் குறைபாடும்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இணைந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம், மேம்பட்ட கழிப்பறையை ஒரு குடும்பம் பிறருடன் பகிராமல் பயன்படுத்துவதை "அடிப்படை" வசதியாகக் கொள்கிறது. பகிரப்படுமாயின் அது "வரையறுக்கப்பட்ட" வசதி ஆகும். 2020ஐ ஒட்டிய மதிப்பீடுகளின்படி கிரிபட்டி மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அடிப்படை வசதி இருந்தது.

மேடையுடன் கூடிய குழிக் கழிப்பறையும் இவ்வகைப்பாட்டில் மேம்பட்டதாகும். ஆழமான மண்ணும் தொலைவான நீர்நிலையும் உள்ள நாட்டில் இது பொருத்தமானது. கிரிபட்டியிலோ குழியின் அடி நீர்மட்டத்தைத் தொடக்கூடும். சில மீட்டர் தொலைவில் அக்குடும்பத்தின் கிணறும் இருக்கக்கூடும். எனவே கழிப்பறைகளின் எண்ணிக்கை உயரும்போதே கிணற்று நீரின் தரம் தாழவும் இடமுண்டு. கழிவு எங்கே சென்றடைகிறது என்பதையும் கணக்கில் கொள்ளும் "பாதுகாப்பாக மேலாண்மை செய்யப்படும்" வசதி என்ற உயர்நிலை அளவுகோலே இத்தகைய தீவுகளுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

நலவாழ்வுத் தாக்கம்

பசிபிக் பகுதியில் குழந்தை இறப்பு வீதம் உயர்வாக உள்ள நாடுகளுள் கிரிபட்டியும் ஒன்று. மாசடைந்த நீரால் பரவும் வயிற்றுப்போக்கு இதற்கான காரணங்களுள் அடங்கும். தராவாவின் காயலில் எடுக்கப்படும் சிப்பிவகைகள் மக்களின் அன்றாட உணவாகும். கரையில் சேரும் கழிவு இவற்றையும் மாசுபடுத்துகிறது. தீவுத்திட்டுக்களை இணைக்கும் பாலச்சாலைகள், குறிப்பாக 1987இல் சப்பானிய உதவியுடன் அமைந்த பேசோ - பைரிகி பாலச்சாலை, காயலுக்கும் கடலுக்கும் இடையிலான நீரோட்டத்தைக் குறைத்துள்ளன.

காணிப் பிரச்சினை

தெற்குத் தராவாவின் குழாய்வழிக் குடிநீருக்கு நெடுங்காலமாகப் பொன்ரிகி, புவோட்டா ஆகிய இரு நீர்க்காப்புப் பகுதிகளே ஆதாரமாக இருந்து வந்துள்ளன. இந்நிலங்கள் குடும்பங்களுக்கு உரியவை. அரசு அவற்றைக் குத்தகைக்குப் பெற்றுள்ளது. அங்கு குடியேறுதல், பன்றி வளர்த்தல் போன்றவை நீரைக் கெடுக்கும். ஆனால் தம் முன்னோரின் காணியில் வாழவோ பயிரிடவோ கூடாது எனக் கூறப்படும் குடும்பங்களுக்கு, நெரிசல் மிக்க தீவில் மாற்றிடம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நீர்க்காப்பு என்பது பொறியியல் சிக்கலாக மட்டுமன்றி நில உரிமைச் சிக்கலாகவும் உள்ளது.

முயற்சிகள்

- 1990களில் கிரித்திமாத்தித் தீவில் நீரின்றி இயங்கும் மட்குக் கழிப்பறைகள் சோதிக்கப்பட்டன. இவை நிலத்தடி நீரைக் காக்கும். எனினும் மட்கிய கழிவைக் கையாள்வதில் மக்களுக்குள்ள தயக்கம் இம்முறைக்குத் தடையாகும்.
- ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் யுனிசெப்பும் அரசும் வெளித்தீவுகளில் செயற்படுத்திய திட்டத்தில், கிராமத்தவர் தாமே கூடி முடிவெடுத்துத் திறந்தவெளி மலங்கழிப்பைக் கைவிடும் முறை பின்பற்றப்பட்டது.
- 2011இல் ஒப்புதல் பெற்ற ஆசிய வளர்ச்சி வங்கித் திட்டத்தின் கீழ் தெற்குத் தராவாவின் பழைய கழிவுநீர்த் தொகுதி புதுப்பிக்கப்பட்டது.
- 2019இல் ஒப்புதல் பெற்ற தெற்குத் தராவா நீர் வழங்கல் திட்டம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை உள்ளடக்கியது.

எதிர்நோக்கும் சவால்கள்

2022ஆம் ஆண்டு யூனில் கடும் வறட்சி காரணமாகக் கிரிபட்டி அரசு பேரிடர் நிலையை அறிவித்தது. வறட்சியில் நன்னீர் வில்லை மெலிந்து உப்பாகிறது. கை கழுவவும் நீர் போதாமற் போகிறது. கடல்மட்ட உயர்வும் கரை கடக்கும் பேரலைகளும் கிணறுகளில் உப்பைச் சேர்ப்பதுடன் கழிப்பறைக் குழிகளையும் மூழ்கடிக்கக்கூடும்.

கடல்நீரைக் குடிநீராக்குவதால் கிணற்றைச் சார்ந்திருத்தல் குறையும். ஆனால் வீடுகளுக்கு வரும் நீர் பெருகும்போது வெளியேறும் கழிவுநீரும் பெருகும். அதனை அகற்றும் வழி உடன் அமையாவிடில் மாசு மீண்டும் நிலத்துக்கும் காயலுக்குமே செல்லும். 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீரையும் துப்புரவையும் மனித உரிமையாக ஏற்றது. கிரிபட்டியைப் பொறுத்தவரை இவற்றுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் உறுதிசெய்ய இயலாது.