லேத்துக்கு முதல் கருவி கம்ப்யூட்டரே!

வீட்டில் சிறிய லேத் வைத்திருப்பவர்கள், புதிய பாகம் தேவை என்றதும் இரும்பை எடுத்து சக்கில் மாட்டி விடுகிறார்கள். முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள் என்பேன். கை பழகினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மரையின் பிட்சைத் தீர்மானிப்பது கை அல்ல, கியர் விகிதம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூ பிட்ச் 1.5 மி.மீ. அதில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 1.27 மி.மீ. பிட்ச் வெட்ட வேண்டும். மிகச் சரியாக வர 127 பல் கியர் தேவை. மாட்யூல் 1 கியர் என்றால் அதன் வெளிவிட்டம் 129 மி.மீ.! சின்ன லேத்தில் அதை மாட்ட இடம் இருக்காது.

மாற்று வழியை ஸ்பிரெட்ஷீட் காட்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து, ஒரு செல்லில் =1.5*80/63*40/60 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை 1.26984. 100 மி.மீ. நீளத்துக்கு வித்தியாசம் சுமார் 0.0125 மி.மீ. மட்டுமே. வீட்டு வேலைக்கு இது தாராளம். மற்ற மூன்று கியர்களும் உங்கள் செட்டில் இருந்தால், 65 மி.மீ. வெளிவிட்டமுள்ள 63 பல் கியர் ஒன்றைச் செய்தால் போதும்.

கணக்கு சரியாக வந்தாலும், நான்கு கியர்களும் இடிக்காமல் பொருந்துமா என்று அளந்து பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கியர்களை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மூடியைப் போட்ட பிறகே மோட்டாரை ஓட விடுங்கள்.

செல்லில் உள்ள தவறான எண்ணை அழித்து விடலாம். வெட்டிய இரும்பை என்ன செய்வது?