கருவி காண்பதும் கண்ணுடையார் சொல்வதும்

கண் நோய்களுக்கு மக்கள் வழக்கில் உள்ள தமிழ்ப் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். மாலைக்கண், வெள்ளெழுத்து, பூச்சி பறத்தல், பூ விழுதல், மாறுகண். இவற்றுள் முதல் மூன்றும் நோயுற்றவர் தாம் கண்டதைத் தம் வாயால் சொன்ன சொற்கள். பொழுது சாய்ந்தால் தெரியவில்லை என்றார் ஒருவர். எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்றார் இன்னொருவர். கண்முன் ஏதோ பறக்கிறது என்றார் மற்றொருவர். பின்னிரண்டும் எதிரே நின்றவர் பார்த்துச் சொன்னவை. கண்ணின் உள்ளே நோக்கி வைத்த பெயர் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்திருக்கவும் இயலாது. உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண்பதற்கு 1851 வரை வழியே இல்லை. அவ்வாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தாம் அமைத்த கண்ணோக்கியைப் பற்றி எழுதி வெளியிட்ட பின்னரே, கண்மணியின் கருமைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மருத்துவர் கண்டார்.

பதினோராண்டுகள் கழித்து, 1862இல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஸ்நெல்லன் என்பார் எழுத்துப் பலகையை வெளியிட்டார். பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே செல்லும் அப்பலகையை அறியாதார் இலர். அதன் சிறப்பு வேறொன்றில் இருக்கிறது என்பது நம் எண்ணம். கண்ணோக்கி, நோயாளியைக் கேட்காமலே அறிய வழி செய்தது. பலகையோ, நோயாளி வாய் திறந்தால் மட்டுமே பயன் தருவது. கண் மருத்துவத்தின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இவ்விரண்டு வழிகளின் வரலாறே: ஒன்று காண்பது, மற்றொன்று கேட்பது. இன்றைய புதுமைகள் யாவும் முதல் வழியை வியக்கத்தக்க அளவு நீட்டியிருக்கின்றன. அதனால் இரண்டாம் வழி, நேரத்தை வீணாக்கும் பழம்பழக்கமாகக் கருதப்படும் நிலை வந்துவிட்டது. இது எங்கே நன்று, எங்கே தீது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

நன்றானதை முதலில் சொல்லிவிடுவோம். மேற்கண்ட பெயர்ப் பட்டியலில் இல்லாத நோய்கள் சில உண்டு. நீரிழிவால் விழித்திரையின் நுண் இரத்தக் குழாய்கள் கசிந்து சிதையும் நோய்க்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் ஏதுமில்லை. கண் அழுத்த நோய் பார்வையின் ஓரங்களை மெல்ல அரித்துக்கொண்டு வருவது, அதற்கும் இல்லை. நோய் பேசாதிருந்தால் நோயாளி எதைச் சொல்வார்? வலியில்லை, உறுத்தலில்லை, நடுப்பார்வை நன்றாகவே இருக்கும். முறையிடத் தோன்றும் நாளில் இழப்பு மீளா நிலையை எட்டியிருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நிலை இன்னும் கொடியது. விழித்திரை முழுதாக வளருமுன் பிறந்துவிட்ட அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் கண் பார்த்து, வேண்டியவர்க்கு மருத்துவம் செய்யாவிடில் வாழ்நாள் முழுதும் இருள். அக்குழந்தையோ பேசாது. கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய கிட்ராப் என்னும் திட்டம், அகல்பரப்புக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்களை அனுப்பி, படங்களைத் தொலைவிலுள்ள வல்லுநர் பார்க்கச் செய்தது. இத்தகைய இடத்தில் கருவியைப் பழிப்பவர் இரக்கமற்றவர் என்றே சொல்வோம்.

1991இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோரும் பிறரும் ‘சயின்ஸ்’ இதழில் அறிமுகம் செய்த ஓ.சி.டி. என்னும் முறை, கண்ணைத் தொடாமல், ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டியதுபோல் காட்டுகிறது. அதற்கு அடுத்த தாவல், படத்தைக் காண்பதோடு நில்லாமல் படிக்கவும் கருவி கற்றுக்கொண்டது. 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த கூகுள் ஆய்வு நம்மவர்க்கு நெருக்கமானது. ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினி பயிற்றப்பட்டது. அப்படங்களுள் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறிவதில் அக்கணினி மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஐ.டி.எக்ஸ்.-டி.ஆர். என்னும் கருவிக்கு இசைவளித்தது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, விழித்திரைப் படத்திலிருந்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்பதைக் கணினி பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்று காட்டியது. கண் மருத்துவர் எவரும் பார்த்துச் சொல்லக் கூடியதன்று அது. கண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்வேன் என்று பழங்கதைகளில் வருவோர் மெய்யாகவே வந்துவிட்டார்கள் போலும்!

நிற்க. படம் படிக்கத் தெரிந்துவிட்டால் பார்வை காக்கப்பட்டுவிடுமா? இதற்குத் தாய்லாந்து ஒரு பாடம் வைத்திருக்கிறது. கூகுள் ஆய்வாளர்களே அங்குப் பதும்தானி, சியாங்மாய் மாநிலங்களில் 11 மருத்துவ நிலையங்களில் தம் கருவி எவ்வாறு பயன்படுகிறது என்று நேரில் கண்டு, 2020இல் ஒளிவுமறைவின்றி எழுதினர். (இந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும், தம் பண்டத்தின் குறையைத் தாமே அச்சிடுவோர் சிலரே.) முதல் ஆறு மாதங்களில் செலுத்தப்பட்ட 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைக் கருவி ஏற்க மறுத்துவிட்டது. படம் தெளிவில்லை என்பது காரணம். பல நிலையங்களில் படமெடுக்கும் அறையை இருட்டாக்க வசதியில்லை. இணைய வேகமும் போதவில்லை. மறுக்கப்பட்டவர் வேறொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆய்வுக்கூடத்தில் அது முறையான எச்சரிக்கை. அன்றாடக் கூலிக்காரருக்கோ, ஒரு நாள் கூலியும் வண்டிச் செலவும். கண்ணில் ஒன்றுமில்லாதவரையும் வீணே அலையவிடுவோமோ என்று அஞ்சிய செவிலியர் சிலர், இச்சோதனைக்கு உட்படவே வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லியிருக்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

இதைவிட ஆழமான இடர் ஒன்றுண்டு. நீரிழிவு விழித்திரை நோய்க்கான லேசர் மருத்துவம் பெரும்பாலும் இருப்பதைக் காப்பது, போனதை மீட்பதன்று. ஆகவே கருவி கண்டுபிடித்த பிறகு ஒருவர் சொல்ல வேண்டிய செய்தி இது: “ஐயா, உங்களுக்கு இன்று நன்றாகத் தெரிகிறது, ஆயினும் கண்ணில் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும், செய்துகொண்டாலும் இன்றைவிட நன்றாகத் தெரியாது.” இதை எண்ணிப் பாருங்கள். உலகில் விற்பதற்கு இதைவிடக் கடினமான சரக்கு உண்டா? “நல்லாத்தானே தெரியுது, எதுக்குங்க?” என்னும் கேள்விக்குக் கருவியிடம் விடையில்லை. ஊரறிந்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னாலன்றி அந்த மனிதர் பேருந்தில் ஏறப் போவதில்லை. பேசாத நோயைக் கருவி கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த மறுகணமே பேச்சின் தேவை முன்னைவிடக் கூடுகிறது என்பதே உண்மை.

இதனை நன்குணர்ந்தோர் நம்மிடையே உண்டு. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேல். மையத்தில் மருத்துவர் இல்லை. கிராமப்புறக் குடும்பங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து, ஈராண்டுப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கின்றனர். அவர்கள் பார்வையை அளந்து, கண்ணைச் சோதித்து, செய்தியையும் படத்தையும் அனுப்ப, நகரத்து மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடம் பேசுகிறார். இங்கே தொழில்நுட்பம் செய்திருப்பது மருத்துவரை அகற்றுவதன்று; வட்டார வழக்கில் பேசும் ஒரு பெண்ணை மருத்துவ வாயிலில் அமர்த்தியிருப்பது. அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஆய்விதழிலும் வராது. (தமிழாசிரியர் இவ்விடத்தில் வள்ளுவரின் ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தை இழுத்து வருவார் என்று வாசகர் எதிர்பார்த்திருப்பீர்கள். வேண்டுமென்றே தவிர்க்கிறோம்.)

இனித் தீதானது. ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்னும் பலகை இல்லாத கடைத்தெரு இன்று இல்லை. முகவாயைப் பதித்து உள்ளே நோக்கினால் நெடுஞ்சாலையின் கோடியில் ஒரு வண்ண பலூன் தெரியும்; சில நொடிகளில் சீட்டு வெளிவரும். அந்தப் பலூன் அழகுக்கு வைத்ததன்று. தொலைவில் நோக்குவதாக நினைத்துக் கண்ணின் தசை தளர வேண்டும் என்பதற்காக வைத்த சூழ்ச்சி. சிறுவர் கண் எளிதில் ஏமாறுவதில்லை. அருகே உள்ள பெட்டிக்குள் பார்க்கிறோம் என்று அறிந்து தசையை இறுக்கிக்கொள்ளும். அப்போது இல்லாத கிட்டப்பார்வையைக் கருவி எழுதிவிடும், அல்லது இருப்பதைக் கூட்டிவிடும். ஆதலால்தான் முறையாகச் சோதிப்போர் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்திட்டுக் காத்திருந்து அளக்கின்றனர். சீட்டில் வந்த எண்ணை அப்படியே கண்ணாடியாக்கிப் பத்து நிமிடத்தில் கையில் தரும் இடங்களில் காத்திருப்பதற்கு நேரமேது?

பயிற்சி பெற்ற பார்வைப் பரிசோதகருக்கு அச்சீட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு கனத்த சட்டத்தை மூக்கில் ஏற்றி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா, இதுவா? முதல்ல வச்சதா, இப்ப வச்சதா?” என்று கேட்கிறார். மருத்துவத்துறை முழுவதிலும் நோயாளியின் சொல்லே அளவீடாகும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இது. எக்ஸ்ரே எடுப்பவர் நம் கருத்தைக் கேட்பதில்லை. இங்கோ, எழுத்தறியாக் கிழவியும் “இது வேண்டாந்தம்பி, பழசே தேவலை” என்று சொல்லிவிட்டால் அதுவே தீர்ப்பு. அத்தீர்ப்பைச் சொல்லும் உரிமையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வேகத்தைத் தருகிறோம் என்றால், கொடுக்கல் வாங்கல் யாருக்கு ஆதாயம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாற்பதைக் கடந்தவர்க்கு இக்கேள்வி இன்னும் நெருங்கி வருகிறது. நாமும் அவ்வரிசையில் நிற்பவரே. வெள்ளெழுத்துக்குச் சாளேசரம் என்றும் ஒரு பெயருண்டு. நாற்பதைக் குறிக்கும் வடபுலச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பார்வை அறிக்கை, உரிய கண்ணாடியின்றி வெள்ளெழுத்தோடு வாழ்வோர் 82 கோடியே 60 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. இதற்கு வேண்டிய கண்ணாடி மிக எளியது, மலிவானது. ஆனால் எவ்வளவு பவர் என்பது கண்ணை மட்டும் பொறுத்ததன்று. கை எவ்வளவு தொலைவில் வேலை செய்கிறது என்பதையும் பொறுத்தது. பூத்தொடுப்பவருக்கு மடி, தறியில் அமர்ந்தவருக்கு நீட்டிய கை, கணினி முன் இருப்பவருக்கு இன்னும் சற்றுத் தள்ளி, நமக்கோ ஒரு முழத்தில் புத்தகமும் இருபதடியில் கடைசி பெஞ்சு மாணவனும். இத்தொலைவு கண்ணுக்குள் எங்கும் எழுதப்பட்டில்லை. எத்தனை கோடிப் படங்களைப் படித்த கணினியாயினும் விழித்திரையைப் பார்த்து இவர் பூக்கட்டுபவர் என்று சொல்லிவிடாது. “என்ன வேலை செய்றீங்கம்மா?” என்று ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்டுக் கொடுத்த கண்ணாடி நாளும் மூக்கில் இருக்கும். கேளாமல் கொடுத்தது அலமாரியில் கிடக்கும்.

கேட்பதென்று ஆனபின் எந்த மொழியில் என்பதும் எழும். எழுத்துப் பலகையைத் தமிழில் ஆக்குவது ஆங்கில எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தை வரைவதன்று. ஒரு வரியிலுள்ள எழுத்துகள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவு எளிமையோடு தெரிய வேண்டும். சுழியும் கொம்பும் மிகுந்த நம் எழுத்துகளில் அதைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. அதனைச் செய்து, லாக்மார் என்னும் அளவுமுறையில் தமிழ்ப் பலகை ஒன்றை உருவாக்கிச் சரிபார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. தமிழ்த்துறைகளில் இதனை அறிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் வடிவ வேறுபாட்டை நாம் கல்வெட்டியல் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, வேறொரு துறையார் அதையே வைத்துப் பார்வையை அளந்திருக்கின்றனர்.

பலகை தமிழில் வந்தது, சீட்டு வரவில்லை. கருவி தரும் தாளில் வலக்கண் ‘ஓ.டி.’ என்றும் இடக்கண் ‘ஓ.எஸ்.’ என்றும் குறிக்கப்படுகிறது. அவை ஆங்கிலமும் அல்ல, இலத்தீன். உசிலம்பட்டியிலிருந்து வந்தவருக்குத் தம் வலக்கண்ணின் நிலை ரோமானியர் மொழியில் அறிவிக்கப்படுகிறது! கீழே ‘ரெஃபர்’ என்று ஒரு சொல் ஆங்கிலத்தில். அந்தச் சொல்லில்தான் அவர் பார்வையின் எதிர்காலம் இருக்கிறது. அதை வாசிக்க இன்னொருவரைத் தேட வேண்டும். மென்பொருளில் ஒரு மொழியைக் கூட்டுவது இன்று அரிய செயலன்று. ஆனால் எந்தத் தமிழைக் கூட்டுவது? ‘நீரிழிவுசார் விழித்திரை நலிவு’ என்று அச்சிட்டால் இலத்தீனுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. “சர்க்கரையால் உங்கள் வலது கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. இப்போது தெரியாது. இம்மாதத்திற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்” என்றால் வீட்டிலுள்ள பள்ளிச்சிறுமி படித்துச் சொல்லிவிடுவாள். இத்தகைய முப்பது நாற்பது வரிகளை எழுதித் தருவது தமிழ் படித்தவர் செய்யக்கூடிய வேலை. கருவி செய்வோர் யாரேனும் கேட்டால், ஊதியம் எதிர்பாராமல் வந்து உட்காரக்கூடிய நாலு பேர் எந்த ஊர்க் கல்லூரியிலும் இருப்பார்கள்.