ஸ்கேனர் சாகல, சாகடிச்சுட்டாங்க

மஞ்சள் காட்டுல களை எடுப்பு, ரெண்டு வாரமா எழுத முடியல. இன்னைக்கு உக்காந்ததே ஒரு கோபத்துலதான்.

எங்கிட்ட ஒரு பழைய ஸ்கேனர் இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். டவுன்ல ஒரு பத்திர எழுத்தர் 2010ல கடையை மூடினப்ப ஆயிரத்தி ஐநூறுக்கு வாங்கினது. சாதாரண ஸ்கேனர் இல்லீங்க, கண்ணாடி லீகல் சைஸ் நீளம். நம்ம கிரயப் பத்திரம் எல்லாம் அந்த நீளம்தானே. சின்ன ஸ்கேனர் எல்லாம் ஏ4 அளவு. அதுல வச்சா பத்திரத்தோட அடியில மூணு விரக்கடை வெட்டுப்பட்டுப் போகும். போன மாசம் எங்க பக்கத்துத் தோட்டத்து அக்கா பயிர்க்கடனுக்காக வெளிய ஸ்கேன் போட்டுட்டு வந்தாங்க. செக்குபந்தியில மேக்கு எல்லையும் கைரேகையும் காணோம். பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க. செல்போன்ல போட்டோ எடுக்கலாமேன்னு கேப்பீங்க. அறுபது வருசம் நாலா மடிச்சு வச்ச பேப்பரை எடுத்துப் பாருங்க, தெரியும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். என் பழைய கம்ப்யூட்டர் இடி விழுந்து போச்சு. மக லேப்டாப் வாங்கிக் குடுத்தா, விண்டோஸ் 11. ஸ்கேனரைச் சொருகினேன். 'டொய்ங்'னு சத்தம் வந்துச்சு, அதோட சரி. டிவைஸ் மேனேஜர்ல பேரு பக்கத்துல மஞ்சள் முக்கோணம். கூட வந்த சிடியைப் போட்டா ஓடாதுன்னுடுச்சு. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டா, "மாடல் பழசு சார், சப்போர்ட் நிறுத்தியாச்சு, புதுசு பாருங்க"ன்னாங்க.

எதுக்கு வேலை செய்யலன்னு அக்கா பையன்கிட்ட கேட்டேன். பாலிடெக்னிக் படிக்கிறான். ஸ்கேனர் பேசற பாஷை வேற, கம்ப்யூட்டர் பேசற பாஷை வேற. நடுவுல நின்னு எடுத்துச் சொல்ற சின்ன மென்பொருள்தான் டிரைவர். என் ஸ்கேனரோட டிரைவர் 32 பிட் காலத்துது. விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்லதான். 32 பிட்டுல எழுதின சாதாரண மென்பொருள் பெரும்பாலும் அதுல ஓடும், டிரைவரை மட்டும் உள்ளயே விடாது. பாதுகாப்புன்னு அதுக்கும் காரணம் சொல்றாங்க. இருக்கட்டும், தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடக்கூடாதுதான். ஆனா தெரிஞ்ச ஆளா மாத்தி, 64 பிட்டுல ஒண்ணு எழுதிக் குடுக்க வேண்டியவன் யாரு? ஸ்கேனர் வித்தவன்தானே! பாஷை அவனுக்குத்தான தெரியும்.

பையன் அன்னைக்கு ராத்திரி ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் போட்டு எடுத்துட்டு வந்தான். லேப்டாப்புல எதையும் அழிக்கல, பென்டிரைவ்லிருந்தே ஆரம்பிச்சான். அதே லேப்டாப், அதே ஒயர், அதே ஸ்கேனர். சிடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்கேன் பொத்தானை அமுக்கினதும் லைட்டு எரிஞ்சு நகர ஆரம்பிச்சுருச்சுங்க. எனக்குச் சந்தோசத்தைவிட வயித்தெரிச்சல்தான் அதிகம். அப்ப இத்தனை நாளா எதுல பழுது?

'சேன்'னு ஒரு திட்டமாம். எங்கெங்கயோ இருக்கிற ஆளுங்க சும்மாவே எழுதி வச்சிருக்காங்க. சில கம்பெனிங்க விவரம் குடுத்திருக்கு. குடுக்காத இடத்துல, ஒயருக்குள்ள என்ன போகுது வருதுன்னு உத்துப் பாத்து அந்தப் பாஷையைக் கண்டுபிடிச்சிருக்காங்க. வித்தவன் முடியாதுன்னதை, முகம் தெரியாதவன் செஞ்சிருக்கான். இந்த மாதிரி கோபமும் புதுசில்ல. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடி ஆய்வுக்கூடத்துல ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரைச் சரிபண்ண அதோட மூல நிரலைக் கேட்டு, கிடைக்காம கடுப்பானவர்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983ல குனு திட்டத்தை அறிவிச்சு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே தொடங்கிட்டார்.

"பழசைக் கட்டிட்டு அழுவாத, காசு போட்டுப் புதுசு வாங்கு"ங்கறார் எங்க மாமா. அவரு கிணத்துல ஓடறது அவங்கப்பா காலத்து அஞ்சு எச்பி மோட்டார். காயில் கருகுனா டவுன்ல எந்தக் கடையிலயும் சுத்திக் குடுப்பாங்க, எந்தக் கம்பெனின்னு கேக்க மாட்டாங்க. மீட்டர் மாத்தியாச்சு, ஸ்டார்ட்டர் மாத்தியாச்சு. 'உன் புது மீட்டர் எனக்கு ஒத்துக்காது'ன்னு மோட்டார் ஒருநாளும் சொன்னதில்ல. அப்படிச் சொல்லியிருந்தா மாமா கம்பெனி வாசல்ல போய் உக்காந்திருப்பார். அவருகிட்டயே இதைச் சொன்னேன். பதில் இல்ல, மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.

பழுது பாக்குற உரிமைன்னு 2022ல மத்திய அரசு ஒரு குழு போட்டுது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டி, இந்த நாலுலயும் ஸ்பேரும் மேனுவலும் வாங்கினவனுக்குக் கிடைக்கணும்னு பேச்சு. நல்லது. ஆனா டிரைவரும் ஒரு ஸ்பேர்தானுங்களே? அது இல்லாம ஸ்கேனர் வெறும் கண்ணாடிப் பொட்டி. பத்து வருசத்துக்கு மேல டிரைவர் எழுதிட்டே இருன்னு நான் கேக்கல. நிறுத்தற அன்னைக்கு, அந்தப் பாஷை என்னன்னு எழுதி வெளியில வச்சுட்டுப் போங்க. எழுத ஆள் இருக்குது. உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல, புதுசு விக்கிறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அது குறையக்கூடாதுன்னுதானே மூடி வைக்கிறீங்க?

அக்காவோட பத்திரம் முழுசா வந்துருச்சு, மேக்கு எல்லையும் சேர்த்து. திங்கக்கிழமை பேங்க்ல குடுத்துட்டாங்க. பத்திரம் ஸ்கேன் பண்றவங்க ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. குண்டூசி, பின் எல்லாம் வீட்லயே எடுத்துட்டு வாங்க, கண்ணாடியில கீறல் விழுந்தா அதுக்கு ஸ்பேர் கிடையாது.